இடைநின்று பேசியோர்: ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய இளையோரும் பன்மொழித் தொண்டரும்

குடிப்பெயர்வு பற்றி எழுதப்பட்ட வரலாறுகளிலே கப்பல்களும் துறைமுகங்களும் சட்டங்களும் கூலிவிகிதங்களும் பெறும் இடத்தை மொழிபெயர்ப்பாளர் பெறுவதில்லை. வந்திறங்கியவருக்கும் அவரை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கும் இடையில் யாரோ ஒருவர் நின்று பேசியிருத்தல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவே இருந்தார். வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்டதும், வைத்தியரிடம் தாயின் நோயை எடுத்துரைத்ததும், தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் தந்தைக்காகக் கெஞ்சியதும் அப்பிள்ளையே. அப்பிள்ளைக்குத் துணைநின்றவர் யாவர், எந்நோக்குடன் நின்றனர், எவர் செலவில் நின்றனர் என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள். 1983க்குப் பின்னர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறிய நம்மவர் பலரது வீடுகளிலும் இதே நிலை காணப்பட்டமையை வாசகர் அறிவர். அவ்வொப்பீடு தனியே செய்யப்படவேண்டியதொன்று. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, இப்பிரச்சினை முதன்முதலிற் பெருமளவில் உணரப்பட்டு, அதற்கென நிறுவனங்களும் எழுந்த ஐக்கிய அமெரிக்காவின் அனுபவமாகும்.

1880க்கும் 1920க்குமிடையில் அந்நாட்டுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் சென்று சேர்ந்தனர். முந்திய தலைமுறையினரைப் போலன்றி, இவர்களுட் பெரும்பாலோர் தென் இத்தாலி, போலந்து, உருசியப் பேரரசு, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு ஆகிய பகுதிகளிலிருந்து வந்த குடியானவரும் கைவினைஞரும் யூதருமாவர். நிலமின்மையும் ஒடுக்குமுறையும் இவர்களைப் பிறந்த மண்ணிலிருந்து தள்ளின. மலிவான உழைப்பை வேண்டிநின்ற கைத்தொழில் மூலதனம் இவர்களை ஈர்த்தது. இறைச்சித் தொழிற்சாலைக்கும் உருக்காலைக்கும் தேவைப்பட்டவை கைகளே. அக்கைகளுக்குரியவர் என்ன மொழி பேசினார் என்பதைப் பற்றித் தொடக்கத்தில் எவரும் பெரிதாகக் கவலைப்பட்டிலர். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கிய போதே மொழி ஒரு சமூகப் பிரச்சினையாயிற்று.

ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் இரு பெண்கள் 1889 செப்ரெம்பர் 18இல் சிகாகோ நகரின் ஹோல்ஸ்ரெட் வீதியில் ஹல் இல்லத்தைத் தொடங்கினர். இலண்டனின் கிழக்குப் பகுதியில் 1884இல் நிறுவப்பட்ட டொயின்பி மண்டபத்தை அடம்ஸ் முந்திய ஆண்டிற் பார்வையிட்டிருந்தார். கற்றவர் ஏழைகளின் நடுவே சென்று குடியிருத்தல் வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படை. பல்கலைக்கழகக் கல்வி பெற்றும் தொழில் வாய்ப்பற்றிருந்த மத்தியதர வர்க்கப் பெண்கள் பலர் இவ்வில்லங்களை நாடினர். இத்தொண்டு ஏழைகளுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தொண்டர்க்கும் தேவை என்பதை அடம்ஸ் 1892இலேயே வெளிப்படையாக எடுத்துரைத்தார். தருமம் பற்றிப் பேசுவோர் இத்துணை நேர்மையுடன் பேசுதல் அரிது என்பதனால் இதனை விதந்துரைக்கிறோம்.

1895இல் ஹல் இல்லத்தார் வெளியிட்ட நிலப்படங்களும் கட்டுரைகளும் அடங்கிய தொகுதி, ஏறத்தாழ மூன்றிலொரு சதுரமைல் பரப்பினுள் பதினெட்டுத் தேசிய இனத்தவர் வாழ்ந்தமையைக் காட்டிற்று. இத்தொகுதியின் உருவாக்கத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இத்தாலியர் பற்றிய பகுதியை எழுதியவர் இத்தாலியரான அலெசாண்ட்ரோ மாஸ்ட்ரோ-வலேரியோ. பொஹீமியர் பற்றிய பகுதியை எழுதியவர் செக் மொழிப் பத்திரிகையாளரான ஜோசெபா ஹும்பால்-செமன். ஆய்வை முன்னின்று நடத்திய புளோரன்ஸ் கெலி ஜெர்மன் மொழியில் வல்லவர். ஏங்கெல்சின் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலை ஆங்கிலத்திற் பெயர்த்து 1887இல் வெளியிட்டவர். மொழியறிவு இவர்களிடத்து வெறும் உபசரணைக் கருவியாக நிற்கவில்லை. வியர்வைக் கூடங்கள் எனப்பட்ட வீட்டுத் தையற்கூடங்களைப் பற்றிய கெலியின் விசாரணைகள் 1893ஆம் ஆண்டின் இலினோய் தொழிற்சாலைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. பதினான்கு வயதுக்குட்பட்டோரை உற்பத்தித் தொழிலில் அமர்த்துதலை அச்சட்டம் தடைசெய்தது. கெலியே முதலாவது தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். பெண்களுக்கு எட்டுமணி நேர வேலை என விதித்த பிரிவை இலினோய் நீதிமன்றம் 1895இலே செல்லாதாக்கியமை வேறொரு கதை.

ஆயினும் அடம்ஸை ஆழமாகத் தொட்டது, வீட்டினுள் நடைபெற்ற தலைகீழ் மாற்றமாகும். ஆங்கிலம் கற்ற பிள்ளை குடும்பத்தின் வாயாக மாறியதும் பெற்றோரின் அதிகாரம் தளர்ந்தது. தாயின் முக்காடும் பேச்சும் சமையலும் பிள்ளைக்கு வெட்கந்தரும் பொருள்களாயின. இத்தாலிய மூதாட்டி ஒருத்தி பழைய முறையில், கையிற் பிடித்த கதிரினால் நூல் நூற்றுக்கொண்டிருந்ததை ஒருநாள் வீதியோரத்திற் கண்ட அடம்ஸ், 1900இல் ஹல் இல்லத்தில் உழைப்பு அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தார். வெவ்வேறு நாட்டுப் பெண்கள் அங்கு தத்தம் முறையில் நூற்றும் நெய்தும் காட்டினர். நூற்புக் கருவிகள் காலவரிசையில் வைக்கப்பட்டமையால், இயந்திரத் தொழிலில் ஈடுபட்டிருந்த இளையோர் தம் தொழிலின் மூதாதையைத் தாயின் கையிற் காணக்கூடியதாயிருந்தது.

1910இல் வெளிவந்த தமது நூலில் அடம்ஸ், அஞ்சலினா என்னும் சிறுமியைப் பற்றிக் கூறுகிறார். சனிக்கிழமை மாலைகளில் தாய் நூற்கும் பகுதிக்கும் மகள் சமையல் வகுப்புக்கும் வருவர். முக்காடும் தடித்த சப்பாத்தும் அணிந்த தாயுடன் சேர்த்துத் தன்னைப் பிறர் காணலாகாது என்பதற்காக மகள் வேறு வாயிலால் நுழைவாள். ஒருநாள் பல்கலைக்கழகக் கல்விப் பகுதியிலிருந்து வந்தோர் தாயைச் சூழ்ந்துநின்று அவளது திறனைப் பாராட்டுவதை அவள் கண்டாள். கதிர் நூற்பிலே தன் தாய்க்கு நிகர் அமெரிக்காவில் எவருமிலர் போலும் என எண்ணிய அவள், தாயின் ஊரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். பின்னர் இருவரும் ஒரே வாயிலால் வந்தனர்.

இக்கதை பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. அதன் அழகில் ஐயமில்லை. எனினும் வரலாற்று மாணவன் இரண்டொன்றைக் கேட்டேயாதல் வேண்டும். தாயின் மதிப்பு மகளின் கண்ணில் உயர்ந்தமைக்குக் காரணம், பல்கலைக்கழகத்தார் வந்து பாராட்டியமை. அவர்கள் வாராதிருந்தால்? மேலும், நூற்றுக்கொண்டிருந்த அத்தாய் இதைப் பற்றி என்ன எண்ணினாள் என்பதை எந்த ஆவணமும் நமக்குக் கூறவில்லை. நூலில் பேசுபவர் அடம்ஸ் மட்டுமே. உயிருள்ள ஒரு பெண்ணின் கைத்திறன் காட்சிப்பொருளாக மாறிற்று எனக் குறைகூறுவோர்க்கும் ஓரளவு நியாயமுண்டு. ரிவ்கா ஷ்பக் லிசாக் 1989இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஹல் இல்லத்தின் பன்மைப் பேச்சுக்குப் பின்னால் இறுதியில் ஒன்றாய்க் கரைந்துபோதல் என்ற நோக்கே நின்றது என வாதிடுகிறது. முற்றாக ஏற்கமுடியாத வாதமாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. கறுப்பின மக்கள் தொடக்க காலத்தில் அவ்வில்லத்தின் வட்டத்துக்குப் பெரும்பாலும் வெளியிலேயே நின்றனர் என்பதையும் இங்கு மறைத்தல் கூடாது.

ஆயின் வழிகாட்டப்பட்டோரின் குரல் முற்றாக அழிந்துபோகவில்லை. உருசிய ஆட்சிக்குட்பட்ட போலந்திற் பிறந்த யூதப் பெண்ணான ஹில்டா சாற், 1892இல் சிகாகோவுக்கு வந்தவர். இளவயதிலேயே பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். 1900இல் ஹல் இல்லத்துக்கு வந்தபோது அடம்ஸே அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். மாலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்ற அவர் அடம்ஸின் உதவியுடன் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை பயின்றார். பின்னர் அதே இல்லத்தில் புதிதாக வந்தோர்க்கு ஆங்கிலம் கற்பித்தார். ஹில்டா சாற் பொலசெக் என்ற பெயரில் அவர் எழுதிவைத்த தன்வரலாறு, 1967இல் அவர் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் 1989இலேயே அச்சேறியது. அடம்ஸின் நூலோ 1910இல் வந்துவிட்டது. வழிகாட்டியின் சொல் அச்சேறுதற்கும் வழிகாட்டப்பட்டவரின் சொல் அச்சேறுதற்கும் இடையிலுள்ள இந்த எழுபத்தொன்பது ஆண்டுகள், வரலாற்றுச் சான்றுகளின் வர்க்கத்தன்மையை விளக்கப் போதியவை.

தொண்டு என்னும் சொல்லை மதிப்பிடுவதற்குச் சிறுவர் நீதிமன்றம் தக்க உதாரணமாகும். 1899இல் சிகாகோ அமைந்துள்ள குக் மாவட்டத்தில் அந்நாட்டின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் அமைந்தது. நீதிமன்றுக்கு வந்த சிறுவருட் பெருந்தொகையினர் குடியேறியோரின் பிள்ளைகள். அவர்களை மேற்பார்வை செய்ய நன்னடத்தை அலுவலரை நியமிக்கச் சட்டம் இடந்தந்தது. ஊதியம் வழங்க மட்டும் இடந்தரவில்லை. தனியார் குழுவொன்றே பணந் திரட்டிச் சம்பளம் கொடுத்தது. முதலாவது அலுவலரான அல்சினா ஸ்ரீவன்ஸ் ஹல் இல்லவாசி. பதின்மூன்று வயதில் பருத்தி ஆலையில் வேலைசெய்து ஒரு விரலை இழந்தவர். அரசு தன் பொறுப்பைக் கைகழுவிய இடத்திலே தொண்டர் நுழைந்தனர் என்பதே இதன் பொருள். தொண்டின் சிறப்பைப் புகழும் எழுத்துகள் இந்த முதற்காரணத்தைக் கூறாது விடுகின்றன.

மொழியையே பணியின் மையமாகக் கொண்ட அமைப்புகள் சிறிது பின்னரே தோன்றின. 1908இல் சிகாகோவில் நிறுவப்பட்ட குடியேறியோர் பாதுகாப்புச் சங்கம், கிரேஸ் அபொட்டின் தலைமையில், புகையிரத நிலையங்களில் வந்திறங்கும் தனித்த இளம்பெண்களைக் கவனித்தது. எலிஸ் தீவிலிருந்து பெறப்பட்ட பெயர்ப்பட்டியல்களைக் கொண்டு, அவர்தம் மொழி பேசும் பெண்கள் முகவரி தேடிச் சென்று விசாரித்தனர். வண்டிக்காரரும் வேலைத் தரகரும் மொழியறியாதாரை ஏமாற்றிய காலமது. எலிஸ் தீவிலும் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். 1907 முதல் 1910 வரை அங்கு பகலில் மொழிபெயர்த்து இரவிற் சட்டம் பயின்ற இளைஞர் ஒருவர், பியொரெல்லோ லா கார்டியா, பின்னர் நியூயோர்க்கின் மேயரானார்.

1910இன் இறுதியில் இடித் ரெரி பிரெமர், இளம் கிறித்தவப் பெண்கள் சங்கத்தின் ஆதரவில் நியூயோர்க்கில் முதலாவது சர்வதேச நிலையத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு இனத்துக்கும் அவ்வினத்துப் பெண்ணொருத்தியையே பணியாளராக அமர்த்தியமை இந்நிலையங்களின் தனிச்சிறப்பு. கதவைத் தட்டியவள் வீட்டாரின் மொழியிலேயே பேசினாள். தாயையும் மகளையும் ஒன்றாக இருத்திப் பேசுதல் இயலுமாயிற்று. மகள் மொழிபெயர்ப்பாளர் என்னும் சுமையிலிருந்து ஒருமணி நேரமாவது விடுபட்டு மகளாகவே இருக்கலாம். 1920களின் நடுப்பகுதியில் இத்தகைய நிலையங்கள் ஐம்பதுக்கு மேல் இயங்கின. குடியேறியோர் தம் மொழியையும் வழக்குகளையும் விட்டுவிடத் தேவையில்லை எனப் பிரெமர் வலியுறுத்தியது, அன்றைய பொதுக் கருத்துக்கு நேர்மாறாகவே இருந்தது.

அப்பொதுக் கருத்து எத்தகையது? ஹென்றி போர்ட் 1914இல் ஐந்து டொலர் நாட்கூலியை அறிவித்த கையோடு, தொழிலாளருக்கு ஆங்கிலப் பாடசாலையையும் ஏற்படுத்தினார். அங்கும் கற்பித்தோர் ஊதியம் பெறாத தொண்டர்களே, தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர்களே. கற்பித்தல் முறை, வேல்சில் பிறந்த பீற்றர் றொபேட்ஸ் வகுத்தது. மாணவரின் மொழி வகுப்பிற் பயன்படவில்லை. பட்டமளிப்பு விழாவில் அரங்கின் நடுவே பெருங் கொப்பரை ஒன்று நிற்கும். தாய்நாட்டு உடையுடன் ஒருபுறம் இறங்கியோர் அமெரிக்க உடையும் கையிற் கொடியுமாக மறுபுறம் ஏறி வருவர். ஹல் இல்லத்து நூற்புப் பகுதியையும் போர்டின் கொப்பரையையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்குத் தொண்டு என்ற ஒரே சொல்லுள் எத்துணை முரண்பட்ட நோக்கங்கள் அடங்கக்கூடும் என்பது விளங்கும்.

போர் வந்ததும் நிலைமை கடுமையாயிற்று. அயோவா ஆளுநர் 1918இல் விடுத்த பிரகடனம், பொதுவிடங்களிலும் புகையிரதங்களிலும் தொலைபேசியிலும் ஆங்கிலமல்லாத மொழி பேசுதலைத் தடுத்தது. நெப்ராஸ்கா 1919இலே, எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு அந்நிய மொழி கற்பித்தலைக் குற்றமாக்கியது. 1920 மே மாதத்தில் றொபேட் மேயர் என்னும் ஆசிரியர் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதையொன்றை வாசிக்கக் கற்பித்தமைக்காக 25 டொலர் தண்டம் விதிக்கப்பட்டார். ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1923இல் அச்சட்டத்தைச் செல்லாதாக்கிற்று. தீர்ப்பை எழுதியவர் பழைமைவாதியான மக்றெனல்ட்ஸ். மாறுபட்டு நின்ற இருவருள் ஒருவர் முற்போக்காளர் பெரிதும் போற்றிய ஹோம்ஸ். முற்போக்கு, பிற்போக்கு என்னும் பெயர்ச்சீட்டுகளைக் கொண்டு மொழிப் பிரச்சினையை அளப்பதில் உள்ள ஆபத்தை இவ்வழக்கிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அடுத்த ஆண்டே, 1924இல், ஒதுக்கீட்டுச் சட்டம் குடிவரவின் வாயிலைப் பெரும்பாலும் அடைத்தது. அதன்பின் பிரச்சினை ஏற்கெனவே வந்தோரின் பிள்ளைகளைப் பற்றியதாயிற்று.

இவ்விடத்திலேயே லெனார்ட் கொவெல்லோவின் வாழ்க்கை நம் கவனத்தைப் பெறுகின்றது. தென் இத்தாலியின் அவில்யானோவில் 1887இற் பிறந்த அவர், ஒன்பது வயதில் நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெமுக்கு வந்தார். குடும்பப் பெயர் கொவியெல்லோ. உச்சரிப்பதற்கு எளிதாகும் எனப் பாடசாலை ஆசிரியை ஒருவர் அதிலிருந்து ஓரெழுத்தை நீக்கிவிட்டார். தேர்ச்சி அறிக்கையைக் கண்ட தந்தை கொதித்தெழுந்தார்; பெயரில் மானம் இருக்கின்றது என்றாள் தாய்; சிறுவனோ அதுதான் அமெரிக்க முறையென்று வாதிட்டான். 1958இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதனை எழுதியபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். ஓரெழுத்துக் குறைந்த பெயரே இறுதிவரை நிலைத்தது.

அப்பகுதியில் இல்லமொன்றை நடத்தியவர் அன்னா றடி என்னும் கனடியப் பெண். இத்தாலிய மொழியை முயன்று கற்றுக்கொண்டவர். அவரது நோக்கம் புரட்டஸ்தாந்த சமயப் பரப்பு, வந்தோரோ கத்தோலிக்கர். இம்முரண்பாட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் தம் பெற்றோரின் மொழியைப் பேசிய, தம்மை மதித்த, முதலாவது அந்நியர் றடியே எனக் கொவெல்லோ போன்றோர் உணர்ந்தனர். ஹார்லெம் இல்லமாகப் பெயர்மாறிய அவ்விடத்திலேயே, பின்னர் கொவெல்லோவின் மாணவரான வீற்றோ மார்க்கன்ரோனியோ குடியேறியோர்க்குக் குடியுரிமை வகுப்புகள் நடத்தினார். 1934இல் கொங்கிரசுக்குத் தெரிவான அவர், அம்மன்றத்தில் மிகத் தீவிரமான இடதுசாரிக் குரலாக விளங்கினார். சமயப் பரப்புநர் தொடங்கிய இல்லம் ஒரு தீவிரவாதிக்குப் பயிற்சிக்களமாயிற்று. வழிகாட்டுவோர் எண்ணியதை வழிகாட்டப்பட்டோர் அப்படியே செய்வதில்லை.

கொவெல்லோ ஆசிரியரானபோது நகரப் பாடசாலைகளில் பிரெஞ்சும் ஸ்பானியமும் பெற்ற தகுதியை இத்தாலியம் பெற்றிருக்கவில்லை. தம் மாணவரைத் திரட்டி மன்றம் அமைத்த அவரும் அவர்போன்றோரும் நெடிது போராடி, 1922இல் அதற்குச் சமதகுதி பெற்றனர். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. பாடசாலையிற் கற்பிக்கப்பட்டது தொஸ்கானிய அடிப்படையிலான செந்நெறி இத்தாலியம். வீடுகளிற் பேசப்பட்டவை தென்பகுதிக் கிளைமொழிகள். தாய்மொழி என்று கூறிக் கற்பிக்கப்பட்டது தாயின் மொழியன்று. இரட்டை வழக்கு நிலவும் மொழிச் சமூகத்தைச் சார்ந்த நமக்கு இச்சிக்கலை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்து மொழியின் தகுதி உயர்ந்தபோது வீட்டுமொழியைப் பற்றிய வெட்கமும் ஓரளவு குறைந்தது என்பதே கொவெல்லோவின் அனுபவம்.

1934இல் கிழக்கு ஹார்லெமில் ஆண்களுக்கென பெஞ்சமின் பிராங்ளின் உயர்தரப் பாடசாலை தொடங்கப்பட்டு, அவர் அதன் அதிபரானார். பாடசாலை நான்கு சுவருக்குள் அடங்கலாகாது எனக் கருதிய அவர், அயலிலிருந்த வெறுங் கடையறைகளை அயலவரின் துணையுடன் செப்பனிட்டு நூலகமாகவும் மன்றமாகவும் மாற்றினார். பாடசாலைக்கு வரும் பெற்றோருடன் அவர்தம் மொழியிலேயே பேசப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். பிள்ளையை நடுவே நிறுத்திப் பிள்ளையைப் பற்றியே மொழிபெயர்க்கச் செய்தல் எத்தகைய அவலம் என்பதை, அவ்வாறு நின்ற பிள்ளையாகிய அவர் அறிந்திருந்தார். இத்தாலியருக்கென அமைந்த கல்விப் பணியகத்தைப் போன்று புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பொருட்டு ஸ்பானிய மொழிப் பணியகமும் அமைந்தது.

ஆனால் அதிபரின் மொழியறிவு வீதியில் நிலவிய வறுமையையும் இனப்பகையையும் நீக்கிவிடவில்லை. 1945 செப்ரெம்பர் இறுதியில் இத்தாலிய, கறுப்பின மாணவரிடையே கைகலப்பு மூண்டது. நகரப் பத்திரிகைகள் அதனைப் பெருப்பித்தன. வேலையும் வீடும் போதாத நகர்ப்பகுதியிலே ஒரு பாடசாலை எவ்வளவு செய்யமுடியும் என்ற வினாவைக் கொவெல்லோ தட்டிக்கழித்தாரில்லை. அயலில் வீடமைப்பு வேண்டுமென்று மாணவரையும் பெற்றோரையும் கொண்டு குரலெழுப்பியவர் அவர்.

1956இல் ஓய்வுபெற்றபின் அவர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரிடையே பணிபுரிந்தார். 1917 முதலே ஐக்கிய அமெரிக்கப் பிரசைகளாயிருந்த அவர்கள், சட்டத்தின்படி குடியேறியோரல்லர். ஆயினும் பாடசாலை வாயிலில் அவர்தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இத்தாலியப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததே. 1972இல், எண்பத்தைந்து வயதில், டனிலோ டொல்சியின் அழைப்பையேற்று அவர் சிசிலிக்குச் சென்றார். ஒன்பது வயதில் நீங்கிய நாட்டிலேயே, மெசினா நகரில், 1982இற் காலமானார். கிழக்கு ஹார்லெமில் அவர் உருவாக்கிய பாடசாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. அக்கட்டடத்தில் வேறொரு பாடசாலை தொடங்கப்பட்டது.